அப்பா பழைய பூசைக்குப் போகிறார், மகளுக்குக் கல்யாணம்: ஒரு வாசகிக்குப் பதில்

ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்யாணமாகி 26 வருடம். கணவர் பங்கின் பாடகர் குழுவில் வெகுநாள் இருந்தவர், ஞாயிறு தவறாதவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறன்று நற்கருணை, அதாவது கிறிஸ்துவின் உடல் என்று நம்பிப் பெறும் அப்பம், வாங்கப் போனவர் முழந்தாளிட்டு நாவை நீட்டியிருக்கிறார். கொடுத்துக்கொண்டிருந்தவர், "எழுந்து கையில வாங்குங்க, பின்னாடி வரிசை நிக்குது" என்று சொல்லிவிட்டு, நற்கருணையைக் கிண்ணத்துக்கு மேலேயே பிடித்தபடி காத்திருந்தார். இவர் எழுந்தார், வாங்கவில்லை, பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

அப்புறம் இரவெல்லாம் வீடியோக்கள், தேடிப் பிடித்து வாங்கிய பழைய பூசைப் புத்தகம். இப்போது ஞாயிறுதோறும், 1969-க்கு முன்பிருந்த இலத்தீன் பூசையையே இன்றும் வைக்கும் புனித பத்தாம் பயஸ் சபைக் குருக்கள் நடத்தும் சிற்றாலயத்துக்குத் தனியாகப் போகிறார். "திருப்பலி" என்ற சொல்லே அவர் வாயில் வருவதில்லை, "பூசை"தான். பங்கில் நடப்பது 1969-ல் உண்டாக்கிய புராட்டஸ்டண்ட் வழிபாடு, அது செல்லாது என்கிறார். "நீங்க வாங்குறது வெறும் அப்பம்" என்று பதினைந்து வயது மகனிடமே சொல்லியிருக்கிறார். மூத்த மகளுக்கு நான்கு மாதத்தில் திருமணம். அந்தச் சபைக் குருவின் முன்னால் பழைய முறைப்படி நடந்தால்தான் வருவேன் என்று உறுதியாக நிற்கிறார். பங்குத்தந்தையிடம் போனால் அவர், "அங்கே போகிறவர்கள் சபைநீக்கம் ஆனவர்கள், பேசிப் பயனில்லை" என்று சொல்லிவிட்டார். என் கணவர் திருச்சபையை விட்டுப் போய்விட்டாரா, எங்கள் திருப்பலி உண்மையிலேயே செல்லாதா, கல்யாணத்தை அங்கே வைக்கலாமா, இவரோடு எப்படிப் பேசுவது என்பவை வாசகியின் கேள்விகள்.

சகோதரி, நான் திருச்சபைச் சட்டம் படித்துவிட்டு மறைமாவட்டத் திருமணத் தீர்ப்பாயத்தில் வேலை பார்ப்பவன். அதனால் கல்யாணக் கேள்விதான் முதலில் கண்ணில் பட்டது. ஆனால் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது அந்தப் பக்கவாட்டு வாசலை விட்டு என்னால் நகர முடியவில்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அன்று உங்கள் கணவர் செய்தது சரி. அவரைத் திருப்பி அனுப்பியதுதான் தவறு. இதை அவரிடம் இதுவரை யாராவது சொன்னார்களா? 2004-ல் உரோமையிலிருந்து வந்த வழிபாட்டு அறிவுரைத் தொகுப்பு வெளிப்படையாகவே சொல்கிறது: விசுவாசி ஒருவருக்கு நாவில் நற்கருணை பெற எப்போதும் உரிமை உண்டு, முழந்தாளிட்டு வாங்க விரும்புகிறார் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது. இதற்கும் முன்னால், 1969 மே மாதத்தில் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் இந்த விஷயத்தை உரோமை எடுத்தபோது, நாவில் கொடுக்கும் வழக்கம் தொடரவேண்டும் என்றுதான் தீர்மானித்தது. கையில் வாங்கும் பழக்கம் ஏற்கெனவே பரவிவிட்ட இடங்களில் ஆயர் பேரவை மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு கேட்டால் அனுமதி தரலாம் என்று ஒரு வழி விட்டது, அந்த வழியே பிறகு பல நாடுகளில் பெருவழியாகிவிட்டது. சட்டத்தின் கண்ணில் உங்கள் கணவர் பொது விதிப்படி நடந்தவர். கையில் வாங்குவதே நேற்று வந்த கண்டுபிடிப்பு என்று அவர் சொல்லும்போது மட்டும் ஒரு திருத்தம் தேவை. 4-ஆம் நூற்றாண்டில் எருசலேமின் ஆயராக இருந்த புனித சிரிலின் பெயரில் வழங்கும் மறைக்கல்வி உரையில், அரசரை ஏற்பதுபோல் இடது கையை வலது கைக்கு அரியணையாக்கி வாங்குங்கள் என்று சொல்லப்பட்டிருக்கிறது.

தீர்ப்பாயத்தில் எனக்கு எதிரே உட்காருகிறவர்களிடம் நான் கவனித்த ஒன்று: மரபு வழிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் இறையியல் புத்தகம் படித்துப் போனவர்கள் அல்ல, தாங்கள் புனிதமாக நினைத்த ஒன்றை யாரோ அலட்சியமாகக் கையாண்டதைப் பார்த்துப் போனவர்கள். வாதங்கள் பிறகுதான் சேர்கின்றன.

அவர் சபைநீக்கம் ஆனவரா?

இல்லை. உங்கள் பங்குத்தந்தை சொன்னதில் பாதி வரலாறு இருக்கிறது, அதனால் அதை விளக்கவேண்டும். பேராயர் மார்செல் லெபேவர் 1970-ல் இந்தச் சபையைத் தொடங்கினார். 1988 ஜூன் 30 அன்று சுவிட்சர்லாந்தின் எகோனில், திருத்தந்தையின் அனுமதி இல்லாமல் நான்கு பேரை ஆயர்களாகத் திருநிலைப்படுத்தினார். அதற்காக அவருக்கும், உடன் நின்ற இன்னோர் ஆயருக்கும், அந்த நான்கு பேருக்கும் சபைநீக்கம் அறிவிக்கப்பட்டது. 2009 ஜனவரியில் பதினாறாம் பெனடிக்ட் அந்த நான்கு ஆயர்கள் மீதிருந்த தண்டனையை நீக்கினார். பூசைக்குப் போன பொதுநிலையினர் மேல் அப்படி ஒரு தண்டனை அறிவிக்கப்படவே இல்லை. 2003-ல் இதற்கென்றே இருந்த உரோமை ஆணையம் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, அங்கே போவதைப் பரிந்துரைக்க முடியாது என்று சொன்னதோடு, பழைய பூசையின்மேல் உள்ள பக்தியால் போகிறவரின் ஞாயிறு கடமை நிறைவேறும் என்றும் ஒப்புக்கொண்டது.

ஆனால் எல்லையே இல்லை என்று அர்த்தம் இல்லை. திருச்சபைச் சட்டத்தின் 751-ஆம் பிரிவு பிரிவினையை இப்படி வரையறுக்கிறது: திருத்தந்தைக்குக் கீழ்ப்படிய மறுப்பது, அல்லது அவருக்குக் கீழ்ப்பட்டிருக்கிற திருச்சபை உறுப்பினர்களோடு ஒன்றித்திருக்க மறுப்பது. இலத்தீனை விரும்புவது இதில் வராது. 1962-65-ல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதும் வராது. "இவர் திருத்தந்தையே இல்லை", "உங்களோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை" என்று சொல்லி அதன்படி வாழத் தொடங்கினால் அது வேறு கதை. 1958-லிருந்து பேதுருவின் இருக்கையே காலி என்று சொல்கிற குழுக்கள் உண்டு. வத்திக்கான் தூதராக இருந்த பேராயர் விகானோமீது 2024 ஜூலையில் பிரிவினைக் குற்றம் தீர்ப்பானதும், திருத்தந்தையையும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தையும் ஏற்க மறுத்ததற்காகத்தான்.

உங்கள் கணவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். அவர் போகும் அந்தச் சபையின் பூசையிலேயே, நடுப்பகுதியில் குரு தாழ்ந்த குரலில் செபிக்கும்போது, இன்றைய திருத்தந்தையின் பெயரையும் அந்த இடத்து ஆயரின் பெயரையும் சொல்லித்தான் செபிக்கிறார். உங்கள் ஆயரின் பெயரைத்தான்! இது அவருக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். வாதமாகக் கேட்காதீர்கள், சும்மா கேளுங்கள். அந்தப் பெயர்கள் அங்கே சொல்லப்படுவதில் அவருக்குச் சங்கடம் இல்லை என்றால் நீங்கள் பயப்படும் அளவுக்கு அவர் தூரம் போகவில்லை.

பங்குத் திருப்பலி செல்லாதா?

செல்லும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. பேராயர் லெபேவர்கூட 1988 மே 5 அன்று உரோமையுடன் கையெழுத்திட்ட உடன்பாட்டில், உரிய நோக்கத்தோடு புதிய திருப்பலி நூலின்படி நிறைவேற்றும் திருப்பலியும் அருளடையாளங்களும் செல்லும் என்று ஏற்றுக்கொண்டார். மறுநாளே அந்த உடன்பாட்டிலிருந்து பின்வாங்கினார் என்பது உண்மைதான். புதிய திருப்பலியை அவர் கடுமையாக விமர்சித்தார், போகாதீர்கள் என்றார். அதற்காக எல்லாமே வெறும் அப்பம் என்பது அவர் நிலைப்பாடு ஆகாது. உங்கள் கணவர் தம் தலைவரையும் தாண்டிப் பேசுகிறார்.

அவர் அடிக்கடி 1570-ஆம் வருட ஆணையைச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்தந்தை ஐந்தாம் பயஸ் அந்த ஆணையில் தாம் வெளியிட்ட பூசை நூலை யாரும் மாற்றக்கூடாது என்று சொன்னார், சரி. ஆனால் 200 வருடத்துக்கு மேல் பழக்கத்தில் இருந்த வேறு முறைகளை அதே ஆணையில் விட்டும் வைத்தார். பின்வந்த திருத்தந்தையர் 1604-லும் 1634-லும் நூலைத் திருத்தினார்கள். பன்னிரண்டாம் பயஸ் 1955-ல் புனித வாரச் சடங்குகளையே மாற்றி அமைத்தார். இருபத்திமூன்றாம் யோவான் 1962-ல் நடுப்பகுதிச் செபத்தில் புனித சூசையப்பரின் பெயரைச் சேர்த்தார். அந்தச் சபையில் இன்று பயன்படுத்துவது இந்த 1962 பதிப்புதான். ஒரு திருத்தந்தை செய்ததை இன்னொரு திருத்தந்தை திருத்தலாம் என்பதற்கு அவர் கையில் இருக்கும் புத்தகமே சாட்சி.

இவ்வளவும் அவருக்கான திருத்தம். இனி உங்களுக்கு. "சங்கம் இலத்தீனை ஒழித்துவிட்டது, இவர் மட்டும் பழசைப் பிடித்துத் தொங்குகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். சங்கம் அப்படிச் சொல்லவில்லை. 1963 டிசம்பர் 4 அன்று 2,147 வாக்குக்கு எதிராக 4 வாக்கு மட்டுமே விழுந்து நிறைவேறிய திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டை எடுத்துப் பாருங்கள். 36-ஆம் பத்தி இலத்தீன் காக்கப்படவேண்டும் என்கிறது, கூடவே மக்கள் மொழிக்குக் கூடுதல் இடம் தரலாம் என்கிறது. 54-ஆம் பத்தி, மக்கள் தங்களுக்குரிய பகுதிகளை இலத்தீனிலும் சேர்ந்து சொல்லவோ பாடவோ கற்றிருக்கவேண்டும் என்கிறது. 116-ஆம் பத்தி கிரகோரியன் பாடல்முறைக்கு முதலிடம் கொடுக்கிறது. குரு மக்களைப் பார்த்துத்தான் நிற்கவேண்டும் என்று அந்தத் திரட்டில் எங்கும் இல்லை. புதிய திருப்பலி நூலிலேயே, குறிப்பிட்ட இடங்களில் "மக்கள் பக்கம் திரும்பி" என்று குருவுக்குச் சிவப்பு எழுத்தில் குறிப்பு இருக்கிறது. எல்லா நேரமும் மக்களைப் பார்த்தே நிற்கிறவருக்கு அந்தக் குறிப்பு எதற்கு?

ஆக, "சங்கம் கேட்டது ஒன்று, எங்களுக்குக் கிடைத்தது வேறு" என்று ஒருவர் வருந்தினால் அந்த வருத்தத்துக்கு ஆதாரம் உண்டு. 1969-ல் கர்தினால்கள் ஒத்தவியானியும் பாச்சியும் ஆறாம் பவுலுக்கு ஒரு விமர்சன ஆய்வை அனுப்பினார்கள். திருப்பலி ஒரு பலி என்ற போதனை புதிய அமைப்பில் மங்கிவிட்டது என்பது அதன் மையக் கவலை. காணிக்கைப் பகுதியில் பழைய செபங்கள் அப்பத்தை "மாசற்ற பலிப்பொருள்" என்றே அழைத்தன, அவை எடுக்கப்பட்டு வேறு செபங்கள் வந்தன. அந்தக் குறை எனக்கும் படுகிறது. ஆனால் பழைய நடுப்பகுதிச் செபம் முதல் நற்கருணை மன்றாட்டாகப் புதிய நூலில் இன்றும் இருக்கிறது. மூன்றாம் மன்றாட்டும் பலி என்பதைத் தெளிவாகவே சொல்கிறது. ஞாயிறு வாசகங்களோ ஒரு வருடச் சுற்றிலிருந்து மூன்று வருடச் சுற்றாகப் பெருகின. பழைய ஏற்பாட்டை ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த உங்கள் மகனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. சமய சுதந்திரம், பிற சமயங்கள் பற்றிய சங்க ஏடுகளிலும் அந்தச் சபையினருக்குப் பெரிய சண்டை உண்டு. உங்கள் வீட்டுப் பிரச்சினை அதில் இல்லை, விட்டுவிடுகிறேன்.

நானும் பழைய பூசையில் கலந்துகொண்டிருக்கிறேன். நடுப்பகுதியில் ஏறத்தாழ மொத்த ஆலயமும் அடங்கிப்போகும். பக்கங்கள் புரளும் ஓசையும் ஒரு குழந்தையின் இருமலும் மட்டும் கேட்கும், அப்புறம் திடீரென்று சின்ன மணி, எல்லாத் தலையும் ஒன்றாகத் தாழும். பாடகர் குழுவில் இத்தனை வருடம் நின்ற ஒரு மனிதருக்கு அந்த அமைதி என்ன செய்யும் என்று எனக்குப் புரிகிறது. நீங்களும் ஒருமுறை அவருடன் போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

திருமணம்: இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

கத்தோலிக்கத் திருமணம் செல்ல, இரண்டு சாட்சிகள் முன்னால், ஆயரோ பங்குத்தந்தையோ அவர்களில் ஒருவரிடம் அதிகாரம் பெற்ற குருவோ திருத்தொண்டரோ மணமக்களின் சம்மதத்தைக் கேட்டுப் பெறவேண்டும். இது 1108-ஆம் பிரிவு. அந்தச் சபைக் குரு உண்மையான குருதான், அவர் நிறைவேற்றும் பூசை செல்லும். ஆனால் குருத்துவம் வேறு, திருமணத்துக்குச் சாட்சியாக நிற்கும் அதிகாரம் வேறு. அதிகாரம் இல்லாமல் நடந்தால் சடங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் சட்டத்தின் முன் அது திருமணம் ஆகாது. நாளைக்கு உங்கள் மகள் எங்கள் அலுவலகத்தில் வந்து நிற்கும் நிலை வந்தால், அதிகாரம் கொடுத்த அந்த ஒரு காகிதம் இல்லை என்பதே கேள்வியாகிவிடும்.

இதற்கு வழியும் உண்டு, பல பங்குகளில் இது தெரிவதில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க அந்தக் குருக்களுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் இரக்கத்தின் யூபிலி ஆண்டுக்காக அனுமதி கொடுத்தார், 2016-ல் கெடு இல்லாமல் நீட்டித்தார். 2017-ல் திருமணத்துக்கும் ஓர் ஏற்பாடு வந்தது: மறைமாவட்டக் குரு ஒருவர் சம்மதத்தைப் பெறுவார், தொடர்ந்து சபைக் குரு பூசை வைப்பார். அப்படி ஒரு குரு கிடைக்காவிட்டால் ஆயர் அந்தச் சபைக் குருவுக்கே அதிகாரம் கொடுக்கலாம். ஆயர் கொடுத்தாக வேண்டும் என்று இல்லை, கொடுக்கலாம். "அவசர நிலை, திருச்சபையே அதிகாரத்தை நிரப்பிக்கொள்ளும்" என்று அங்கே யாராவது உங்களிடம் சொல்வார்கள். அந்த வாதத்தை நம்பி மகளின் திருமணத்தை நடத்தாதீர்கள். உரோமைக்கும் அந்தச் சபைக்கும் இடையிலான நிலைமை காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது, ஆகவே இன்றைய நிலையை ஆயர் அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. 1988-லேயே உரோமையோடு ஒன்றித்திருக்க விரும்பிப் பிரிந்து வந்த குருக்கள் தொடங்கிய புனித பேதுரு சபை இருக்கிறது. பழைய பூசைக்கு 2021-ல் பிரான்சிஸ் கடும் கட்டுப்பாடு விதித்த பிறகும், 2022 பிப்ரவரியில் 1962 நூல்களைத் தொடர்ந்து பயன்படுத்த இந்தச் சபைக்கு அனுமதி உறுதியானது. அவர்கள் எட்டும் தூரத்தில் இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் பங்கிலேயே புதிய திருப்பலியை இலத்தீனில் வைக்கலாம். 928-ஆம் பிரிவு இலத்தீனைத்தான் முதலில் சொல்கிறது, மக்கள் மொழி அதற்கு அடுத்துத்தான் வருகிறது. சம்மத வார்த்தைகள் மட்டும் தமிழில், மற்றதெல்லாம் இலத்தீனில், கிரகோரியன் பாடல், விரும்புகிறவர்கள் முழந்தாளிட்டு நற்கருணை. பாடலை அவரே பயிற்றுவிக்கட்டுமே.

ஆனால் சகோதரி, நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் மகளும் அவள் மணக்கப்போகும் பையனும் என்ன விரும்புகிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. கல்யாணம் அவர்களுடையது. சம்மதம் சொல்லப்போவது அவர்கள்தான். எந்த ஏற்பாட்டையும் பேசுவதற்கு முன் அவர்கள் இருவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்களுக்குப் பங்கில் சாதாரணத் திருப்பலிதான் வேண்டும் என்றால், அப்பா வராவிட்டாலும் அப்படித்தான் நடக்கவேண்டும்.

அவரோடு பேசுவது

வீடியோவுக்குப் பதில் வீடியோ அனுப்பாதீர்கள். நான் மேலே எழுதிய எண்களையும் வருடங்களையும் வைத்து அவரை மடக்கவும் பார்க்காதீர்கள், நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் எழுதினேன். முதலில் அந்த ஞாயிறைப் பற்றிப் பேசுங்கள். அன்று நடந்தது தவறு என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பிறகு பங்குத்தந்தையிடம் நீங்களே போய் 2004 அறிவுரையைக் காட்டி, அன்று நடந்ததற்கு அவர் உங்கள் கணவரிடம் வருத்தம் தெரிவிக்கவேண்டும் என்று கேளுங்கள். சபைநீக்கம் என்று அவர் சொன்னதையும் திருத்தச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்கலாம், ஆனால் கேட்கவேண்டும்.

உங்கள் கணவரும் எழுதட்டும். தங்கள் கருத்தை ஆயர்களுக்குத் தெரிவிக்கப் பொதுநிலையினருக்கு உரிமை உண்டு, சில வேளை கடமையும்கூட என்று 212-ஆம் பிரிவு சொல்கிறது. 2016-ல் நான்கு கர்தினால்கள் ஒரு திருத்தந்தை ஏட்டைப் பற்றித் திருத்தந்தையிடமே ஐந்து கேள்விகள் எழுப்பினார்கள், திருச்சபைக்குள் இருந்துகொண்டே.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். மகனிடம் "வெறும் அப்பம்" என்று இனி சொல்லக்கூடாது. அவருடைய பக்தியை நீங்கள் மதிப்பதுபோல் உங்கள் நற்கருணையை அவர் மதிக்கவேண்டும், குறைந்தது பிள்ளைகள் முன்னால். வாரம் ஒருநாள் இருவரும் சேர்ந்து செபமாலை சொல்லுங்கள். அதில் பழசு புதுசு தகராறு அதிகம் வராது, பழைய செபமே அவருக்குப் பிடிக்கும் என்றால் அதையே சொல்லுங்கள்.

நான்கு மாதம் என்பது குறைவு. இந்த வாரமே மகளிடம் பேசுங்கள், அடுத்த வாரம் ஆயர் அலுவலகத்துக்கு நீங்களும் கணவரும் சேர்ந்து போங்கள். என்ன முடிவானாலும் யார் சம்மதம் பெறுகிறார், எந்த ஆலயத்தில், யார் கொடுத்த அதிகாரத்தின்படி என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகு அழைப்பிதழ் அச்சுக்குப் போகட்டும்.